சகிப்புத்தன்மையில் முழு மதிப்பெண்

மைக் என்பது அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதமே நண்பர்கள் வைத்தது. மேடையில் யாராவது ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க ஆள் அனுப்ப வேண்டியிருந்ததால் வந்த பெயர். பெயர் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்டது. "மைக்கு சாப்பிட்டாச்சா?" என்று அம்மாவே கேட்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஊருக்கே கேட்கும்படி நியாயம் பேசுகிறவனுக்கு வேறென்ன பெயர் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வான்.

சமூகவியல் முதுகலை, இரண்டாமாண்டு. அவனுடைய ஆய்வு, வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்களிடம் பல்கலைக்கழக மாணவர்கள் எவ்வளவு சகிப்புத்தன்மையோடு இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. தலைப்பை அவன் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் டீயைக் குடித்து முடித்துவிடலாம். கேள்விகளை ஏணி மாதிரி அடுக்கியிருந்தான். குடியேறி வந்த ஒருவர் உங்கள் நாட்டில் இருக்கலாமா? உங்கள் தெருவில்? வகுப்பில் உங்கள் பக்கத்து இருக்கையில்? விடுதியில் உங்கள் அறையில்? கடைசிப் படியாக, உங்கள் குடும்பத்தில் ஒருவராக?

மாணவர்கள் முதல் படிகளில் தாவித் தாவி ஏறினார்கள். "நாடு எல்லாருக்கும்தாங்க," "தெருவுல யாரு வேணா இருக்கலாம்," "பக்கத்து சீட்டா, தாராளமா." விடுதி அறை வந்ததும் கால் இழுக்க ஆரம்பிக்கும்.

"ரூம் மட்டும் வேணாமே. அவங்க போன்ல ரொம்ப சத்தமா பேசுவாங்க," என்றாள் தன்னுடைய போனில் கத்திக்கொண்டே வந்து உட்கார்ந்த ஒரு பொறியியல் மாணவி.

குடும்பம் என்ற படியில் பெரும்பாலோர் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க வீட்லதான் ஒத்துக்க மாட்டாங்க." எல்லோரும் நல்லவர்கள், எல்லோருடைய அப்பாக்களும் கெட்டவர்கள். இதை மைக் உணவகத்தில் நடித்தே காட்டுவான். தோளைக் குலுக்கி, உதட்டைப் பிதுக்கி, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று இழுக்கும்போது மேசையே சிரிப்பில் ஆடும். தன் கேள்விகளுக்குத் தானே ஒருமுறை பதில் எழுதிப் பார்த்தான். முழு மதிப்பெண். அதைக் கொண்டுபோய்ப் பேராசிரியையிடமும் காட்டினான்.

"நீயே கேள்வி கேட்டு, நீயே பதில் எழுதி, நீயே மார்க் போட்டா அதுக்குப் பேரு ஆய்வு இல்லப்பா," என்றார் அவர். "கண்ணாடி முன்னாடி நிக்கறது."

பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

அவனுடைய அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். ஒருநாள் மதியம் அவனைக் கடைக்கு வரச் சொன்னாள். முதலாளி முன்பக்கம் இருந்ததால், வாடிக்கையாளரைப் போல அவனைப் பரிசோதனை அறைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். மூக்கின் மேல் அந்தக் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, இரண்டு பக்கமும் வில்லைகளைச் செருகினாள்.

"கடைசி வரி தெரியுதா?"

"தெளிவா தெரியுது. எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"சும்மா உக்காரு. நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

"அட! யாரு?"

"கண்ணாடி போட இங்க வந்தவர்தான். லிஃப்ட் மெக்கானிக். கிட்டத்துல இருக்கற சின்ன எழுத்து தெரியலன்னு வந்தார்." பிழைப்புக்காக ஊரார் கண்ணையெல்லாம் உற்றுப் பார்க்கிறவள், ஒருவரை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"எந்த ஊர்க்காரர்?" என்று மைக் கேட்டான்.

அக்கா ஒரு நாட்டின் பெயரைச் சொன்னாள்.

சுவரில் அதுவரை சமர்த்தாக நின்றுகொண்டிருந்த எழுத்துகள் லேசாக நகர்ந்தன. வில்லையின் கோளாறாக இருக்கும் என்று மைக் நம்ப விரும்பினான்.

"சூப்பர்க்கா!" என்றான். ஒலிவாங்கியைத் தப்பான கோணத்தில் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, குரல் அப்படி வந்தது.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும்டா. அப்பா அம்மாகிட்ட நீதான் பேசணும். ரெண்டு வருஷமா இதையேதானே படிக்கறே? உன்னை விட்டா எனக்கு வேற யாரு?"

"நான் பேசறேன்க்கா. எனக்கு ஒண்ணும் இல்ல..." என்று மைக் தோளைக் குலுக்கினான். "அப்பாதான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். உணவகத்தில் அவன் நடிக்கும்போதுகூட அவ்வளவு தத்ரூபமாக வந்ததில்லை.

வீட்டில் பேசுவதை அவன் நாள் கடத்தினான். அப்பாவுக்கு மூட்டுவலி, அது தீரட்டும். அம்மாவுக்குத் தையல் வேலை குவிந்திருக்கிறது, குறையட்டும். மழை நிற்கட்டும். அக்கா கடையிலிருந்து தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "சரியான நேரம் பாத்துட்டிருக்கேன்க்கா" என்றான். உண்மையில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காரணம். அந்த மனிதர் குடிகாரராக இருக்கலாம். முன்கோபியாக இருக்கலாம். அங்கே ஏற்கெனவே ஒரு மனைவிகூட இருக்கலாம். எது கிடைத்தாலும், வெளிநாட்டுக்காரர் என்பதைத் தொடாமலேயே கௌரவமாக எதிர்க்கலாம் அல்லவா? ஆகவே நேரிலேயே போய் ஆளை எடைபோட்டுவிடுவது என்று கிளம்பினான்.

மெக்கானிக் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தரைமட்டத்தில் தலை மட்டும் தெரிந்தது. மைக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, குரலை உயர்த்திப் பேசினான்.

"நான்... அவங்க... தம்பி! கண்ணாடிக் கடை! தம்பி!" என்று தன் மூக்கையும் மார்பையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினான்.

"தெரியுதுங்க," என்றது தலை. "கத்தாதீங்க. குழிக்குள்ள எதிரொலிக்குது. மேல லிஃப்டுக்குள்ள மாட்டியிருக்கறவங்க பயந்துருவாங்க."

லிஃப்ட் ஓடி, மாட்டியிருந்தவர்கள் வெளியே வந்த பிறகு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். மெக்கானிக் நெடிய மனிதர், அளந்து பேசுகிறவர். அவருடைய துயரக் கதையைக் காது கொடுத்துக் கேட்கத் தயாராக மைக் நாற்காலியின் நுனிக்கு வந்தான். கதை நெஞ்சை உருக்கினால் மனம் மாறினாலும் மாறலாம்.

"இங்க வர்றதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க..."

"இல்லையே. விமானத்துலதான் வந்தேன். தூங்கிட்டேன்."

"இங்க வந்த பிறகு? அவமானம், புறக்கணிப்பு..."

மெக்கானிக் யோசித்தார். "லிஃப்ட் நின்னுட்டா திட்டுவாங்க. அது எல்லா மெக்கானிக்குக்கும் உள்ளதுதான்." பிறகு, இவ்வளவு கேட்கிறானே, ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "ஆனா ஒண்ணு. இப்ப புதுசா வர்றாங்களே, அவங்களை இவ்வளவு பேரை உள்ள விடக் கூடாதுங்க. எங்க காலத்துல வந்தவங்க மாதிரி இல்ல."

மைக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதர் அவனுடைய ஏணியில் தெருவுக்கு மேல் ஏற மாட்டார்! மறுகணமே மனசு லேசாகிவிட்டது. தேடிய காரணம் மடியிலேயே வந்து விழுந்திருக்கிறது. இவ்வளவு சகிப்புத்தன்மை இல்லாத ஒருவருக்கா அக்காவைக் கொடுப்பது? எவ்வளவு முற்போக்கான காரணம்! வீடு திரும்பும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே நடந்தான்.

அன்று சாப்பிடும்போதே பேச்சை எடுத்துவிட்டான். அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும், நாற்காலியில் உட்கார்ந்ததும் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். அம்மா முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு, வாங்கிய துணிகளை அளவு குறைத்துக் கொடுப்பவர். அக்கா அன்றைக்கு வேண்டுமென்றே சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா, ஒரு விஷயம். நீங்க அதிர்ச்சியாகக் கூடாது. கோபப்படக் கூடாது. உங்களுக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும், எனக்குப் புரியுது..."

"டேய், பரீட்சைல தோத்துட்டியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. அக்கா ஒருத்தரை விரும்பறா. அவரு..." மைக் குரலைத் தாழ்த்தினான். "இந்த நாட்டுக்காரர் இல்ல."

அப்பா ஒரு கவளத்தை மென்று விழுங்கினார். "குடிப்பானா?"

"இல்ல."

"என்ன வேலை?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அட, லிஃப்டா? நல்ல வேலையாச்சே. இனிமே கட்டடமெல்லாம் மேலதான் போகுது." அப்பா அக்காவைப் பார்த்தார். "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்குப்பா."

"ஆளு உயரமா?" என்று அம்மா கேட்டார்.

"கொஞ்சம் உயரம்தான்."

"அப்ப கல்யாணச் சட்டைக்குத் துணி கூட எடுக்கணும். கை நீளமா இருக்குமே."

அவ்வளவுதான். அப்பா தண்ணீர்ச் செம்பை எட்டி எடுத்தார். விஷயம் முடிந்துவிட்டது. அந்த முற்போக்கான காரணத்தை எடுத்துவிட இடமே கிடைக்கவில்லை. மைக்குக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. எதிர்ப்பார்கள் என்று நம்பி வந்த பெற்றோர் இப்படியா காலை வாருவார்கள்?

"என்னப்பா, இவ்வளவு சுலபமா சொல்றீங்க? நல்லா யோசிச்சீங்களா?"

"நீதானடா ரெண்டு வருஷமா சோத்துல கை வைக்க விடாம இதையே சொல்லிட்டிருந்தே? மனுசன்னா மனுசன்தான்னு. எங்களுக்குப் பழகிப்போச்சு."

"அது பொதுவா சொன்னதுப்பா! இது நம்ம வீடு. மொழி வேற. பழக்கம் வேற. நாளைக்குக் குழந்தை பொறந்தா அது என்ன மொழி பேசும்? அவங்க சொந்தக்காரங்க வந்து தங்குவாங்க. எத்தனை பேர் வருவாங்கன்னு சொல்ல முடியாது. அவங்க போன்ல சத்தமா..."

அக்கா மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். ஈரத்துணி கையிலேயே இருந்தது. அம்மா மெதுவாகத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"டேய் மைக்கு," என்றார், இரக்கத்தோடு. "எங்களுக்கு ஒண்ணும் இல்லடா. உனக்குத்தான் பிடிக்கலையா?"

மைக் ஏற்கெனவே பிசைந்த சோற்றை மறுபடி பிசைந்தான். அப்பா எழுந்து கை கழுவப் போகும்போது அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தால் தட்டுவாரே, அதே தட்டு.

அக்கா அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை. காப்பி டம்ளரை அவன் முன்னால் வைக்கும் சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் மெக்கானிக் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. அம்மா நீட்டிய நாற்காலியில் உட்காராமலேயே விஷயத்தைச் சொன்னார்.

"எங்க அம்மா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. உங்க ஆளுங்க வீட்டுப் பொண்ணு வேணாமாம்."

வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு சாத்தியம் மட்டும் யாருக்குமே தோன்றியிருக்கவில்லை. மைக்குக்குத்தான் முதலில் பொங்கியது.

"எங்க அக்காவுக்கு என்ன குறை? நாங்க என்ன குறைஞ்சு போயிட்டோம்? எங்க நாட்டுக்கே வந்து, எங்களையே வேணாம்னா..."

மீதியை விழுங்கிக்கொண்டான். விழுங்கியதன் சுவை நன்றாக இல்லை. முந்தைய மாதம் அதே வாக்கியத்தைச் சொன்ன ஒரு வணிகவியல் மாணவனை அவன் குறுகிய மனம் படைத்தவன் என்று வகைப்படுத்தியிருந்தான்.

"தம்பியை ஒரு தடவை பாக்கணும்னு சொல்றாங்க," என்றார் மெக்கானிக். "அப்பா அம்மா நல்லாதான் பேசுவாங்களாம். வீட்ல இருக்கற பையனைப் பாத்தாத்தான் வீடு தெரியுமாம்."

அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் மைக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். குடும்பத்தின் மானம் இவன் கையிலா என்ற கவலை இரண்டு முகத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் அவனும் மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனார்கள். பழைய அடுக்குமாடிக் கட்டடம். அதில் லிஃப்ட் ஓடவில்லை. பராமரிப்பு வேறொரு நிறுவனத்தின் கையில் இருப்பதால் தான் அதில் கை வைக்கக் கூடாது என்று, கீழே வந்து காத்திருந்த மெக்கானிக் வெட்கத்தோடு விளக்கினார். மூச்சு வாங்க மேலே ஏறிச் சேர்ந்தார்கள்.

மெக்கானிக்கின் அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்பவர். உருண்டையான முகம், சுருட்டி விட்ட கை. வீடு பளிச்சென்று இருந்தது. மடித்து வைத்த துண்டுகளின் விளிம்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும் போலிருந்தது. மகனை டீ போடச் சமையலறைக்கு விரட்டிவிட்டு, மைக்குக்கு எதிரே உட்கார்ந்தார். அக்காவை ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி.

"உங்க ஆளுங்க வீட்ல பெரியவங்களுக்கு மரியாதை இருக்காதாமே?"

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. கல்யாணம் பண்ணிட்டு, பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போயிருவாங்க. இங்க கீழ் வீட்லயே ஒருத்தி போனா."

"ஒருத்தி போனா எல்லாரும் போவாங்களாம்மா? நாங்க எல்லாரும் ஒரே மாதிரி இல்ல."

"சுத்தமும் பத்தாது. நான் ஹோட்டல்ல பாக்கறேனே. உங்க ஆளுங்க படுத்து எந்திரிச்ச விரிப்பு இருக்கே..." கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு மேல் சொல்லத் தகாது என்பது போல.

மைக் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு துணுக்கு உதிர்ந்து தரையில் விழுந்தது. அந்த அம்மாவின் பார்வை அதோடு கூடவே கீழே போனது. மைக் பாய்ந்து அதைப் பொறுக்கினான். நாட்டு மக்கள் அத்தனை பேரின் மானமும் அந்தத் துணுக்கில் ஒட்டிக்கொண்டிருப்பது போல, போடவும் இடம் தெரியாமல் வாயிலேயே போட்டுக்கொண்டான். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். இரண்டாவது பிஸ்கட் வேண்டாம் என்றான், பசித்தும். வீடு எவ்வளவு சுத்தம் என்று புகழ்ந்தான், ஜன்னல் திரையைப் புகழ்ந்தான், கடையில் வாங்கிய பிஸ்கட்டையும் புகழ்ந்தான்.

அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. "நீ பரவால்ல," என்றார். "உங்க ஆளுங்க மாதிரி இல்ல."

நன்றி என்று சொல்ல வாயெடுத்தவனுக்குக் காது மடல் சுட்டது. வகுப்பில் வேறு நாட்டிலிருந்து வந்து படிக்கிற ஒருவன் இருந்தான். அவன் முதுகில் தட்டி, இதே சொற்களைப் பாராட்டாகச் சொல்லியிருக்கிறான் மைக். அவன் அன்றைக்கு ஏன் அப்படிப் பார்த்தான் என்று இப்போது விளங்கியது. கூச்சம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு," என்று அந்த அம்மா முன்னால் சாய்ந்தார். "என் மகன் உங்க அக்காவைக் கட்டறது உனக்குப் பிடிச்சிருக்கா?"

நல்ல பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அக்கா அவனைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியும் அவளுக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றியது.

"முதல்ல பிடிக்கல," என்றான்.

சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றது.

"ஏன்? என் மகன்கிட்ட என்ன குறை?"

"அதாம்மா தெரியல. தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. வெளியாளுன்னு மனசுக்குள்ள ஒரு இது. அவ்வளவுதான். இத்தனைக்கும் நான் அதைப் பத்தித்தான் படிக்கறேன்."

அந்த அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "எனக்கும் அதேதான்! நல்ல பொண்ணுன்னு தெரியுது. குறை கண்டுபிடிக்க முடிய மாட்டேங்குது. ஒரே எரிச்சலா இருக்கு."

மைக்கும் சிரித்துவிட்டான். நெடுநாள் பழகியவர்கள் மாதிரி இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒரே நோய் உள்ள இருவர் மருத்துவமனை வாசலில் சந்தித்தால் வருமே, அந்த மாதிரி ஓர் அன்னியோன்னியம்.

"சரி, என்ன பண்றது," என்று பெருமூச்சு விட்டார் அந்த அம்மா. "நான் அவளைப் பொறுத்துக்கறேன். நீ இவனைப் பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கலாம்மா," என்றான் மைக் மனம் நிறைந்து. அவன் ஆய்வு தேடிய சகிப்புத்தன்மை கண்ணெதிரே மலர்ந்துகொண்டிருந்தது.

அக்கா எழுந்தாள்.

"பொறுத்துக்கறதுக்கு நான் என்ன பல்வலியா?" என்றாள். குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறீங்க. அவரும் பல்வலி இல்ல. எங்களை யாரும் பொறுத்துக்க வேணாம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி மறைந்தது.

டீத்தட்டோடு வந்த மெக்கானிக் வாசலையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "விரட்டிட்டீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்தா?"

"நீ போடா, கூப்பிடு," என்றார் அவருடைய அம்மா.

"நான் எதுக்கு? பேசினது நீங்க ரெண்டு பேரும். நீங்கதான் போகணும்." தட்டை மேசை மேல் வைத்துவிட்டு, ஒரு டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண் வாசலிலேயே இருந்தது. ஆனாலும் எழவில்லை.

மைக்கும் அந்த அம்மாவும் படி இறங்கினார்கள். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார், திட்டினார்.

"எல்லாம் உன்னாலதான்."

"நீங்கதானே உண்மையைச் சொல்லச் சொன்னீங்க?"

"சொன்னா சொல்லிருவியா? உங்க ஆளுங்களுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியல."

அக்கா பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்பது மூக்கைப் பார்த்தால் தெரிந்தது. அந்த அம்மா போய்ப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் காலைப் பார்த்த அக்காவின் புருவம் உயர்ந்தது. அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் மகனின் பெரிய செருப்பையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நான் அவன்கூட மட்டும்தான் எங்க மொழியில பேசறேன்," என்று அந்த அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "வேலை செய்யற இடத்துல உங்க மொழி. கடையில உங்க மொழி. வீட்டுக்கு வந்தாத்தான் என் வாய்க்கு ஓய்வு. நீ வந்துட்டா அவன் வீட்லயும் உங்க மொழிதான் பேசுவான். அப்புறம் நான் யாருகிட்ட பேசறது? செவுத்துகிட்டயா?"

மைக் தொண்டையைச் செருமினான். மொழியும் தனிமையும் பற்றி அவனிடம் ஒரு முழு உரையே இருந்தது.

"நீ சும்மா இருடா," என்றாள் அக்கா. அந்த வாரத்தில் அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினாள். "எனக்குக் கத்துக்குடுங்க. என்கூடயும் பேசலாம்."

"உனக்கு நாக்கு திரும்பாது."

"கொஞ்சம் தெரியும். அவர் சொல்லிக்குடுத்தார்." அக்கா கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கும் குழந்தை மாதிரி அவர்கள் மொழியில் என்னவோ சொன்னாள்.

அந்த அம்மா அவளை அதிர்ச்சியோடு பார்த்தார். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அக்காவின் காதில் எதையோ சொன்னார். அக்காவின் முகம் சிவந்துபோய், அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா சொன்னே? அதுக்கு என்ன அர்த்தம்?" என்று மைக் இருவரையும் மாறி மாறிக் கேட்டான்.

"ஆம்பளைப் பசங்களுக்குச் சொல்ற விஷயம் இல்ல," என்றார் அந்த அம்மா. "மறுபடி சொல்லு. நாக்கை மேல தொடாம சொல்லு."

பேருந்து வந்து நின்று, யாரும் ஏறாததைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு கிளம்பிப் போனது. அவர்கள் இரண்டு பேரும் உச்சரிப்பைப் பழகிக்கொண்டிருந்தார்கள். மைக் கொஞ்ச தூரம் தள்ளி நின்று, தன்னை யாரும் கவனிக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அம்மா தைத்த சட்டையின் கை மெக்கானிக்குக்குச் சரியாக இருந்தது. மைக்கின் ஆய்வும் எப்படியோ தேறியது. முடிவுரை நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அடக்கம் புதிதாக இருக்கிறதே, உடம்பு சரியில்லையா என்று பேராசிரியை கேட்டார்.

தம்பதிக்குப் பார்த்திருந்த வீட்டில் பூச்சு வேலை முடியாததால், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். மைக்கின் அறை அவர்களுக்குப் போனது. அவன் முன்னறையில், வெட்டிய துணிகளுக்கும் ஊசிகளுக்கும் நடுவே படுத்தான். காலையில் எழுந்தால் முதுகில் ஏதாவதொரு கால்சட்டைத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். குளியலறைதான் பிரச்சினை. அளந்து பேசும் மெக்கானிக், குளிக்கும்போது மட்டும் அளக்காமல் பாடினார்.

அன்றைக்கு மைக்குக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை இடித்தான்.

"மாமா! இது குளியலறையா, இல்ல நீங்க குத்தகைக்கு எடுத்திருக்கீங்களா?"

"இரு, பாட்டு முடியட்டும்."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க! உங்களுக்கு அறிவே இல்லையா? இவ்வளவு பெரிய உடம்புக்கு எவ்வளவு சோப்புதான் போடுவீங்க?"

"உன்னை மாதிரி ரெண்டு சொம்பு ஊத்திட்டு ஓடி வர எனக்குத் தெரியாதுடா. நாத்தம் பிடிச்சவனே."

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று அம்மா தையல் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "டேய் மைக்கு, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகிட்ட இப்படியா பேசுவே?"

"மாப்பிள்ளையாம் மாப்பிள்ளை! அக்கா, இந்த ஆளை இன்னைக்கே அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பூச்சு வேலைய நானே முடிச்சுத் தர்றேன்!"

அக்கா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையை வாரிக்கொண்டே சிரித்தாள், உள்ளே போய்விட்டாள். மைக் மறுபடி கதவை இடித்தான். ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது. ஆவி சூழ, பளபளவென்று, திருப்தியான முகத்தோடு மெக்கானிக் வெளியே வந்து அவன் தலையில் ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"போடா, போ. சுடுதண்ணி தீந்துபோச்சு."